மறையும் திறவும்: பாகூர்ச் செப்பேடு முதல் பகா எண் பூட்டு வரை

புதுவைக்குத் தெற்கே, பெரிய ஏரியும் மூலநாதர் திருக்கோயிலும் உடைய பாகூர், தமிழகக் கல்வி வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும். 1879ஆம் ஆண்டில் அங்கே கண்டெடுக்கப்பட்ட செப்பேடு பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் கொண்ட அச்செப்பேடு, நிலைதாங்கி என்னும் தலைவனின் வேண்டுகோளின்படி மூன்று ஊர்கள் பாகூர் வித்தியாஸ்தானத்திற்குக் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. வேதமும் அதன் அங்கங்களும் ஏனைய சாத்திரங்களும் அங்கே பயிலப்பட்டன.

வேதத்தைத் தமிழர் 'மறை' என்றனர். மறைத்து வைக்கப்படுவதற்கும் அச்சொல்லே பெயராயிற்று. ஆயினும் அம்மறையைப் பயின்றோர் அதைக் காத்த முறை நோக்கத்தக்கது. சொற்களை நேராகவும் முன்பின்னாகவும் இணைத்து இணைத்து ஓதும் பாட முறைகளை வகுத்து, ஓர் அசையேனும் பிறழ்ந்தால் உடனே தெரியுமாறு செய்தனர். எழுத்துகளை ஒழுங்காக இடம் மாற்றுவது அங்கே காப்பதற்குரிய கருவியாயிற்று. அதே இடமாற்றம் வேறிடத்தில் ஒளிப்பதற்குரிய கருவியாயிற்று. அந்த ஒளிப்பின் வரலாற்றையும், ஒளித்ததைத் திறக்கும் கலையின் வரலாற்றையும் சுருங்கக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்க் கவிஞர் அறிந்த ஒளிப்பு

எழுத்தை ஒளிக்கும் கலை தமிழ்ப் புலவர்க்குப் புதியதன்று. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவி வகைகளுள் மாலைமாற்று, சுழிகுளம், கோமூத்திரி, கூடசதுர்த்தம், கரந்துறைச் செய்யுள் ஆகியவை எழுத்தின் இடத்தை வைத்தே அமைந்தவை. கோமூத்திரியில் மேல்வரியும் கீழ்வரியும் மாறி மாறிப் படிக்கப்படுகின்றன. சுழிகுளத்தில் எழுத்துகள் குளத்து நீர்போல் சுழன்று உள்ளே செல்கின்றன. கூடசதுர்த்தத்தில் நான்காம் அடியின் எழுத்துகள் முதல் மூன்று அடிகளுக்குள் மறைந்து கிடக்கின்றன. கரந்துறைச் செய்யுளிலோ ஒரு பாட்டினுள் வேறொரு பாட்டு உறைகிறது.

மறையெழுத்துக் கலையின் இருபெரும் பிரிவுகளுள் ஒன்றான இடமாற்ற முறைக்கு இவை நெருங்கிய உறவு. மற்றொரு பிரிவு பதிலீட்டு முறை. அதில் எழுத்து இடம் மாறுவதில்லை, உருமாறுகிறது. வாத்ஸ்யாயனர் அறுபத்துநான்கு கலைகளுள் ஒன்றாக 'மிலேச்சித விகற்பம்' என்பதைக் கூறுகிறார். அதற்கு உரை கண்ட யசோதரர், எழுத்துகளை இணை இணையாக வகுத்து ஒன்றனுக்கு மற்றொன்றை மாற்றி வழங்கும் முறையை விளக்குகிறார்.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். கருநாடக இசையில் மேளகர்த்தா இராகப் பெயர்களின் முதலிரண்டு எழுத்துகள் கடபயாதி முறைப்படி எண்ணைக் குறிக்கின்றன. 'மேசகல்யாணி' என்பதில் மகரம் ஐந்து, சகரம் ஆறு; திருப்பிப் படித்தால் அறுபத்தைந்து. இது குறியீடேயன்றி மறையீடு அன்று. முறையை அறிந்த எவரும் பொருளை அறிவர். மறையீட்டிலோ முறையை அறிந்தவருக்கும் பொருள் கிட்டலாகாது. திறவுச்சொல் கையில் உள்ளவருக்கே அது கிட்ட வேண்டும்.

இவ்விலக்கணத்தைத் தெளிவாக வகுத்தவர் அகுஸ்தே கெர்க்கோவ்ஸ். நெதர்லாந்தில் பிறந்து பிரான்சில் ஆசிரியராக வாழ்ந்த அவர், 1883இல் பிரெஞ்சுப் படைத்துறை இதழொன்றில் எழுதிய கட்டுரையில், முறை பகைவன் கையில் சிக்கினாலும் தீங்கு நேராதிருக்க வேண்டும் என்றார். பூட்டின் அமைப்பைக் கொல்லன் அறிவான். அதனால் வீடு திறந்து கிடப்பதில்லை.

எளிய பூட்டும் அதன் உடைப்பும்

தமிழின் பதினெட்டு மெய்களைக் க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் மூன்று இடம் தள்ளி எழுதுவதாகக் கொள்க. 'கடல்' என்னும் சொல் 'ஞநள்' என்றாகும். உரோமானியத் தலைவன் சீசர் கையாண்ட முறை இதுவே. இதனை உடைக்கப் பதினேழு முறை முயன்றால் போதும்.

தள்ளாமல், எழுத்துகளை ஒழுங்கின்றிக் கலைத்து மாற்றினால் முயற்சிகளின் எண்ணிக்கை கோடிகோடியாகப் பெருகும். ஆயினும் அப்பூட்டும் நிலைப்பதில்லை என்பதை எழுதிவைத்தவர் பாக்தாத் நகரத்து அறிஞர் அல்-கிந்தி. அவர் வாழ்ந்தது பாகூர்ச் செப்பேட்டின் அதே 9ஆம் நூற்றாண்டு. ஒரு மொழியில் எல்லா எழுத்துகளும் ஒரே அளவில் வருவதில்லை. எழுத்து உருமாறினாலும் அதன் வருகைக் கணக்கு உருமாறுவதில்லை. ஆகவே மறைவுரையில் மிகுதியாக வருவதை மொழியில் மிகுதியாக வருவதோடு பொருத்துக என்பது அவர் காட்டிய வழி.

தமிழில் இவ்வழி மேலும் எளிது. ககர தகர மகரங்கள் மிகுந்து வரும். ஙகர ஞகரங்கள் அருகியே வரும். இவற்றுக்கும் மேலாக, இலக்கண நூலார் வகுத்த மொழிமுதல், மொழியிறுதி விதிகளும் மெய்ம்மயக்க விதிகளும் உடைப்பவனுக்குத் துணையாகின்றன. புணர்ச்சியில் மிகும் ஒற்று நீங்கலாக, வல்லின மெய் சொல்லின் ஈற்றில் நிற்பதில்லை. தமிழ்ச் சொல் ணகரத்திலோ ளகரத்திலோ தொடங்குவதில்லை. றகர ஒற்றுக்குப் பின் க, ச, ப, ற ஆகியவை தவிரப் பிற வருவதில்லை. மொழிக்கு ஒழுங்கு தந்த விதி ஒவ்வொன்றும் மறைவுரையைத் துளைக்கும் ஊசியாகிறது. புலவன் எதனால் பிழையைக் காண்கிறானோ, அதனாலேயே ஒற்றன் பொருளைக் காண்கிறான்.

'உடைக்கவியலாத' பூட்டு

எழுத்தின் வருகைக் கணக்கையே குலைத்துவிட்டால் என்ன? இக்கேள்விக்கு இத்தாலியரான பெல்லாசோ 1553இல் விடை கண்டார். ஆயினும் 1586இல் மறையெழுத்து பற்றி நூல் இயற்றிய பிரெஞ்சு அரசுத் தூதர் பிளேஸ் தெ விழெனேரின் பெயரே அம்முறைக்கு நிலைத்தது. பல தலைமுறைகளாக அது உடைக்கவியலாத பூட்டு என்றே பெயர் பெற்றிருந்தது.

முறை எளியது. ஒரே அளவில் தள்ளாமல், திறவுச்சொல்லின் எழுத்துகள் காட்டும் அளவில் மாறி மாறித் தள்ள வேண்டும். 'பாகூர்' திறவுச்சொல் எனில், அதன் மெய்களான ப, க, ர ஆகியவை வரிசையில் முறையே 9, 1, 12ஆம் இடத்தவை. 'கடல்' என்பதன் ககரத்தை ஒன்பது இடம் தள்ளினால் மகரம். டகரத்தை ஓரிடம் தள்ளினால் ணகரம். லகரத்தைப் பன்னிரண்டு இடம் தள்ளினால், வரிசை முடிந்து மீண்டும் தொடங்கி, தகரம். 'கடல்' இவ்வாறு 'மணத்' ஆகிறது. அதே சொல் திறவுச்சொல்லின் இரண்டாம் எழுத்தில் தொடங்கி அமைந்தால் 'ஙறஞ்' ஆகிறது. ஒரே எழுத்து வெவ்வேறு வடிவம் பெறுவதால் அல்-கிந்தியின் கணக்கு கலைந்துபோகிறது.

ஆயினும் திறவுச்சொல் சிறிது, உரை நெடிது. திறவுச்சொல் மீண்டும் மீண்டும் வந்தே தீரும். இப்பூட்டின் கேடு அங்கேதான் உள்ளது. நெடிய மறைவுரை ஒன்றில் 'மணத்' என்பது 1, 13, 34ஆம் இடங்களில் வருவதாகக் கொள்க. இடைவெளிகள் 12, 21. இரண்டையும் மீதியின்றி வகுக்கும் எண், ஒன்று நீங்கலாக, மூன்று. ஆகவே திறவுச்சொல்லின் நீளம் மூன்று எனக் கருத இடமுண்டு. தற்செயலாக நேரும் மீள்வரவுகளும் உண்டாதலின் பல இடங்களை ஒப்பிட்டு முடிவு செய்தல் வேண்டும்.

நீளம் தெரிந்தபின் பூட்டு மூன்று துண்டாகிறது. 1, 4, 7ஆம் எழுத்துகள் ஒரு கூட்டம்; 2, 5, 8ஆம் எழுத்துகள் மற்றொன்று; 3, 6, 9ஆம் எழுத்துகள் இன்னொன்று. ஒவ்வொரு கூட்டமும் ஒரே அளவில் தள்ளப்பட்ட சீசர் எழுத்தேயாகும். மூன்றெழுத்துத் திறவுகள் மொத்தம் 5832 உண்டு. துண்டாக்கிய பின்போ கூட்டத்திற்குப் பதினெட்டாக ஐம்பத்துநான்கு முயற்சிகளே எஞ்சும்.

இவ்வழியை 1850களில் ஆங்கிலேயரான சார்லஸ் பாபேஜ் கண்டும் வெளியிடவில்லை. பிரஷ்யப் படையதிகாரி காசிஸ்கி 1863இல் நூலாக வெளியிட்டார். மூன்று நூற்றாண்டுப் புகழ் மீள்வரவு என்னும் ஒரே குறையால் வீழ்ந்தது.

எல்லைக் கோட்டில் கடிதங்கள்

வில்லியனூரும் பாகூரும் புதுவையைச் சூழ்ந்த பிரெஞ்சு நிலப்பகுதிகளாய், ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டு மாவட்டத்தோடு பின்னிக் கிடந்தன. ஒரு வயல் பிரெஞ்சு ஆட்சியிலும் அடுத்த வயல் ஆங்கில ஆட்சியிலும் இருந்த நிலை அது. வரப்பைத் தாண்டினால் சட்டம் மாறிற்று. 1908இல் பாரதியார் புதுவையை அடைந்ததும், அங்கிருந்து 'இந்தியா' இதழ் வெளிவந்ததும், 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்ததும் அவ்வரப்பின் பயன்களே. 1911 சூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் கொல்லப்பட்ட பின்னர், புதுவையில் ஆங்கில ஒற்றர்களின் நடமாட்டம் மிகுந்தது.

அந்நாளில் நிகழ்ந்த ஒன்று மறையெழுத்து வரலாற்றில் வைத்து எண்ணத்தக்கது. வ.வே.சு. ஐயர் குடியிருந்த வீட்டுக் கிணற்றில் ஒற்றர் தரப்பினர் சில தாள்களை அடைத்துப் போட்டு வைத்தனர். அவை சதித்திட்டம் கூறும் போலித் தாள்கள். அவற்றைக் கண்டெடுத்த விடுதலை வீரர்கள், ஒளிக்காமல் தாமாகவே பிரெஞ்சுக் காவலரிடம் ஒப்படைத்துச் சூழ்ச்சியிலிருந்து தப்பினர். ஒரு செய்தியைப் பிறர் படித்துவிடுவது ஓர் இடர். ஒருவர் எழுதாததை எழுதியதாகக் காட்டுவது அதனினும் பெரிய இடர். மறைப்பது மட்டும் போதாது. எழுதியவர் இன்னார் என மெய்ப்பிக்கவும் வழி வேண்டும். அக்காலத்து மறையெழுத்து எதனாலும் அது இயலவில்லை.

அதே காலத்தில் கடல்களுக்கு அப்பால் மற்றொரு நிகழ்ச்சி நடைபெற்றது. முதல் உலகப் போரின்போது பெர்லினில் இந்திய விடுதலைக் குழு இயங்கிற்று. திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழரான செண்பகராமன் அதில் முன்னின்றவர்களுள் ஒருவர். அமெரிக்காவில் கதர் இயக்கத்தாரும் ஜெர்மானியத் தூதரகத்தாரும் இணைந்து ஆயுதம் அனுப்ப முயன்றனர். அவர்களிடையே சென்ற கடிதங்களுள் சில எண்களால் ஆனவை. பக்க எண், வரி எண், வரியில் உள்ள இடம் எனத் தொடர்ந்த அவ்வெண்களுக்குத் திறவு ஓர் அச்சு நூல். அந்நூல் இருவர் கையிலும் இருந்தால் போதும். கண்டவர் அதனைச் சாதாரண நூலென்றே எண்ணுவர்.

அக்கடிதங்கள் இல்லினாய் மாநிலத்து ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய இளைஞர் வில்லியம் பிரீட்மனிடம் வந்தன. நூல் எதுவெனத் தெரியாமலே அவர் எண்களைத் திறக்கத் தொடங்கினார். அதற்கு இடமளித்ததும் மீள்வரவே. மறைப்பவர் அடிக்கடி ஒரே பக்கத்தையும் ஒரே வரியையும் நாடுகிறார். ஒரே வரியிலிருந்து எடுத்த எழுத்துகளுள் சில தெரிந்துவிட்டால், அவ்வரியிலுள்ள சொற்கள் உருப்பெறுகின்றன. அச்சொற்கள் வேறு எழுத்துகளைத் தருகின்றன. பின்னர் அந்நூல் 1913இல் வெளிவந்த பிரைஸ் காலியரின் 'ஜெர்மனியும் ஜெர்மானியரும்' என அறியப்பட்டது.

1917 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கிய வழக்கில் பிரீட்மன் சாட்சியம் அளித்தார். 1918 ஏப்ரலில் வழக்கு முடிந்த நாளில் நீதிமன்றத்திற்குள்ளேயே இராமசந்திரர் என்னும் தலைவர் தம் இயக்கத்தார் ஒருவராலேயே சுடப்பட்டு மாண்டார். சுட்டவரும் அங்கேயே சுட்டு வீழ்த்தப்பட்டார். விடுதலை வேட்கையில் குறைவில்லாத அவ்வீரர்கள், தம் எழுத்தின் ஒளிப்பு எத்துணை மெல்லியது என்பதை அறியாதிருந்தனர். அவ்வறியாமையின் விலையைப் பலர் சிறையில் இருந்து கொடுத்தனர். அதே 1918இன் நவம்பரில் பாரதியார் புதுவை எல்லையைக் கடந்து கடலூர் அருகே கைதாகிச் சிறை வைக்கப்பட்டார்.

பிரீட்மன் அதன்பின் எழுத்தின் வருகை ஒருமையை அளக்கும் கணக்கை வகுத்தார். ஓர் ஆங்கில உரையில் கண்ணை மூடி இரண்டு எழுத்துகளை எடுத்தால், அவை ஒன்றாயிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 6.7, எழுத்துகள் சமமாகக் கலந்திருப்பின் 3.8 மட்டுமே. இவ்வொரு கணக்கு திறவுச்சொல்லின் நீளத்தையே காட்டிக்கொடுக்கும்.

எனின், உடைக்கவே இயலாத மறையெழுத்து உண்டா? உண்டு. திறவு உரையளவே நீண்டதாய், ஒழுங்கற்றதாய், ஒரே முறை மட்டும் வழங்கப்படுவதாய் இருப்பின் அது எக்காலத்தும் உடையாது என்பதைக் கிளாட் ஷானன் 1949இல் நிறுவினார். ஆனால் அத்துணை நீண்ட திறவை முன்னரே கொண்டு சேர்ப்பது எங்ஙனம்? அதைப் பாதுகாப்பாகக் கொண்டு சேர்க்க இயலுமெனின், செய்தியையே கொண்டு சேர்த்துவிடலாமே.

பகா எண் பூட்டு

இச்சிக்கலுக்கு விடையாகப் பொதுத்திறவு என்னும் எண்ணம் 1970களில் பிறந்தது. பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி. பூட்டும் சாவியை ஊரறியக் கொடுத்துவிடலாம். ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் 1977இல் அமைத்த ஆர்.எஸ்.ஏ. முறை அவ்வகையுள் புகழ்பெற்றது. ஆங்கில அரசின் மறைத்துறையில் கிளிபோர்ட் காக்ஸ் 1973இலேயே அதனைக் கண்டிருந்தும், அச்செய்தி 1997 வரை வெளிவரவில்லை.

அதன் இயக்கத்தைச் சிறு எண்களில் காண்க. 3, 11 என்னும் இரு பகா எண்களின் பெருக்கம் 33. இந்த 33உம், 3 என்னும் அடுக்கும் ஊரறிந்தவை. 4 என்னும் செய்தியை அனுப்புபவர் அதனை மூன்று முறை பெருக்குகிறார், 64. அதை 33ஆல் வகுத்தால் மீதி 31. அனுப்பப்படுவது 31. பெறுபவரிடம் 7 என்னும் கள்ளச் சாவி உள்ளது. 31ஐ ஏழு முறை பெருக்கி 33ஆல் வகுத்தால் மீதி மீண்டும் 4. ஏழு எங்கிருந்து வந்தது? 3, 11 இரண்டிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கினால் 20; மூன்றை ஏழால் பெருக்கினால் 21, அதாவது இருபதைவிட ஒன்று கூடுதல். ஆகவே 33ஐ மூன்றாகவும் பதினொன்றாகவும் பிரிக்கத் தெரிந்தவர் ஏழையும் கண்டுகொள்வார். பூட்டின் வலிமை அந்தப் பிரிப்பின் அருமையில் அமைகிறது.

ஓர் எண் பகா எண்ணா எனத் தேர்வது எளிது. அதற்கு ஐயமற்ற விரைவு வழியொன்றைக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அகர்வால், கயால், சக்சேனா ஆகியோர் 2002இல் கண்டனர். ஆனால் பெருக்கிய எண்ணைப் பிரிப்பது அரிது. 1977இல் அறைகூவலாக வெளியிடப்பட்ட 129 இலக்க எண் 1994இல்தான் பிரிக்கப்பட்டது. அதற்கு நூற்றுக்கணக்கானோர் தம் கணிப்பொறிகளை இணைத்து உழைத்தனர். 250 இலக்க எண் 2020இல் பிரிக்கப்பட்டது. வழக்கிலுள்ள எண்களோ 600 இலக்கங்களுக்கு மேற்பட்டவை. குவாண்டம் கணிப்பொறி முழு வளர்ச்சி பெறின் இப்பிரிப்பு எளிதாகும் எனப் பீட்டர் ஷோர் 1994இல் காட்டியமையால், அதற்கு ஈடுகொடுக்கும் புதிய முறைகள் 2024இல் அமெரிக்காவில் தரமாக அறிவிக்கப்பட்டன.

எண்ணைப் பிரிக்காமலே தாக்கும் வழிகளும் உண்டு. ஒரே செய்தியை ஒரே சாவியால் பூட்டினால் ஒரே விடை கிட்டும். ஆகவே 'ஆம்', 'இல்லை' போன்ற சிறு செய்திகளைப் பகைவன் தானே பூட்டிப் பார்த்து ஒப்பிடலாம். இதனைத் தடுக்கச் செய்தியோடு ஒழுங்கற்ற எண்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்கப்படுகின்றன. காசிஸ்கியின் காலத்துக் குறை புதிய உருவில் மீண்டும் தோன்றியதைக் காண்க. பால் கோச்சர் 1996இல் வேறொன்றைக் காட்டினார். கணிப்பொறி திறப்பதற்கு எடுக்கும் நேரத்தை நுட்பமாக அளந்தே சாவியை ஊகிக்கலாம் என்பது அது. கணக்குப் பிழையற்றதாயினும், அதனைச் செய்யும் கருவி பேசிவிடுகிறது.

கிணற்றிலிட்ட போலித் தாள்களுக்கு மாற்றும் இம்முறையிலேயே உண்டு. கள்ளச் சாவியால் முத்திரையிட்டால், ஊரறிந்த சாவியால் எவரும் அதனைச் சரிபார்க்கலாம். ஆனால் உரியவரன்றி வேறெவரும் இட இயலாது. 1912 அளவில் புதுவையில் இருந்தோர்க்குக் கிட்டாத காப்பு அது. அக்காப்பும் கள்ளச் சாவி கைமாறாத வரையில்தான்.

நிறைவாக

இன்று வில்லியனூர்த் தேரடிக் கடையிலோ பாகூர்ச் சந்தையிலோ ஒருவர் கைப்பேசியால் பணம் செலுத்தும்போது, இத்தகைய பூட்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் பூட்டித் திறக்கப்படுகின்றன. அவற்றின் அமைப்பு உலகறிய அச்சிடப்பட்டுள்ளது. கெர்க்கோவ்ஸ் கூறியவாறு சாவி மட்டுமே மறைவு. பெரும்பாலும் உடைவது அப்பூட்டு அன்று. சாவியைப் பிறர்க்குச் சொல்லிவிடும் நாவும், ஒரே சொல்லை எல்லா இடத்தும் வழங்கும் பழக்கமுமே வீட்டைத் திறந்துவிடுகின்றன. சான் பிரான்சிஸ்கோவில் தண்டனை பெற்றோர் செய்த பிழையும் ஏறத்தாழ இதுவே.

இவ்வரலாற்றில் கவிஞர்க்குரிய செய்தி ஒன்றுண்டு. எதுகையும் மோனையும் இயைபும் மீள்வரவால் ஆனவை. கேட்டவர் நெஞ்சில் பாட்டை நிறுத்துவது அம்மீள்வரவே. மறையெழுத்தை வீழ்த்துவதும் அதுவே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாகூர் வித்தியாஸ்தானத்தில் மாணவர் சொற்களை மாற்றி மாற்றி ஓதியது ஒன்றும் இழக்கப்படலாகாது என்பதற்காக. மறைப்பவன் மாற்றி மாற்றி எழுதுவது ஒன்றும் வெளிப்படலாகாது என்பதற்காக. இருவர் கையிலும் இருந்தது எழுத்தின் ஒழுங்கு ஒன்றே.